பட்டியலில் பதினோராவது பெயர்

பேங்கிலிருந்து விசாரிக்க வந்தவங்கதானே? உட்காருங்க அம்மணி. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்க. ஹெல்மெட்டை மிஷின் மேலேயே வையுங்க, ஒன்றும் ஆகாது. இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணியிலிருந்து கரண்ட் கிடையாது. வீதியே காலி. கரண்ட் இல்லாத நாள்தான் திருப்பூருக்கு ஞாயிற்றுக்கிழமை.

திருமூர்த்தி நான்தான். ஆதாரில் இருக்கிற ஆளுக்கு மீசை இருக்கும், கன்னம் இருக்கும். இரண்டும் போய்விட்டது. கண் மட்டும் அதேதான், பாருங்க. சரியா? டிக் போட்டுட்டீங்களா? நல்லது.

வீடு வாடகை. பதினெட்டு வருஷமாக இதே வீடு. மிஷின் இரண்டு. ஒன்று காஜா அடிக்கிறது, ஒன்று பட்டன் வைக்கிறது. சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டை இருக்கிறதே, அதுக்குத்தான் காஜா என்று பேர். கம்பெனியில் தைத்துக் கொடுப்பார்கள். நாங்கள் ஓட்டை போட்டு, பட்டன் வைத்து, திருப்பிக் கொடுப்போம். மிஷின் யார் பேரிலா? சம்சாரம் பேரில். வசந்தாமணி. கேஸ் சிலிண்டர் அவள் பேரில். ஸ்கூட்டர் அவள் பேரில். கூரியர்காரர் வாசலில் நின்று "வசந்தாமணி யாருங்க?" என்று கேட்டால் "நான்தான், குடுங்க" என்று கை நீட்டப் பழகிவிட்டேன். இந்த வீட்டில் என் பேரில் இருக்கிறது பிரஷர் மாத்திரைச் சீட்டும், பேங்கில் டெபாசிட் கட்டி வாங்கின அந்தப் பழைய கிரெடிட் கார்டும்தான்.

உள்ளே சிரிக்கிறது அவள்தான். கண்டுக்காதீங்க.

இப்போது நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற கார்டு அப்படி இல்லை. அடமானம் இல்லாமல், டெபாசிட் இல்லாமல், என் மூஞ்சியைப் பார்த்துக் கொடுக்கிற கார்டு. அது வந்தால் மூன்றாவது மிஷினைத் தவணையில் எடுப்பேன். கடைக்காரர் பில் போடும்போது "யார் பேருக்குங்க?" என்று கேட்பார். நான் என் பேரைச் சொல்வேன். அவ்வளவுதான் அம்மணி. வேறு பெரிய ஆசை எல்லாம் கிடையாது.

என்ன கேட்டீங்க? இன்னும் ஒரு ஆளா? அதுதான் மாடிவீட்டு ருக்குமணியக்காவிடம் கேட்டாச்சே! ஓ, இரண்டு பேர் சொல்லணுமா. சொந்தக்காரராக இருக்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்கு மேல் தெரிந்தவராக இருக்கணும். இதே வீதியாக இருக்கணும். இன்றைக்கே வேணும். சரி, சரி. நாளைக்கு வந்தால் வீதி நிறைய ஆள் இருப்பார்கள்… முடியாதா. பைலை இன்று சாயங்காலம் அனுப்பணுமா. சரி.

இன்றைக்கு இந்த வீதியில் திறந்திருக்கிறது ஒரே ஒரு கடைதான். ஜன்னல் வழியாகப் பாருங்க, நீலப் பெஞ்சு தெரிகிறதா? டீக்கடை. நாச்சிமுத்து அண்ணன். பதினெட்டு வருஷமாக என்னைத் தெரியும்.

பயமா? எனக்கென்ன பயம். போங்க, தாராளமாகப் போய்க் கேளுங்க. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு போங்க. அவர் ஒரு மாதிரி. எதையும் மறக்கவே மாட்டார். நான் அப்படி இல்லை. நான் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். முதலில் இருந்து சொல்கிறேன், கேளுங்க.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பத்து மிஷின். வீதி முனையில் ஷெட்டு. பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். காலை பத்தரைக்கு ஒரு டீ, மாலை நாலு மணிக்கு ஒரு டீ. நாச்சிமுத்தண்ணனே தூக்குப்போசியில் கொண்டுவந்து, ஒவ்வொரு மிஷினாகப் போய் ஊற்றிக் கொடுப்பார். "என்னப்பா திருமூர்த்தி, வேலை எப்படி?" என்று கேட்பார். "ஓடுதுண்ணா" என்பேன். சனிக்கிழமை சம்பளம் போட்டதும் அவருக்குக் கொடுத்துவிடுவேன். அவரும் எழுதி வைக்க மாட்டார், நானும் எழுதி வைக்க மாட்டேன். இரண்டு பேர் சொல்கிற தொகையும் ஒன்றாகவே இருக்கும்.

அப்புறம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. பேர் எதுக்கு? அது இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது, நானே இரண்டு கல்யாணத்தில் சாப்பிட்டிருக்கிறேன், சாம்பார் நன்றாக இருந்தது. அந்தக் கம்பெனிக்கு ஆறு மாதம் வேலை செய்து கொடுத்தேன். ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. எனக்கு வரவேண்டியது வரவில்லை. நான் கொடுக்க வேண்டியது மட்டும் அப்படியே நின்றது. பதினான்கு லட்சம்.

வக்கீலிடம் போனேன். "ஐ.பி. குடுத்துருங்க" என்றார். ஊரில் அதுக்கு மஞ்சக் கடுதாசி என்று பேர். என்னால் கட்ட முடியவில்லை, இருப்பதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் மனுப் போடுவது. கடன் கொடுத்த எல்லோருக்கும் கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் போகும். மஞ்சள் என்று சொல்கிறார்களே தவிர, போனது என்னவோ வெள்ளைத்தாள்தான். அதில்கூட ஊர் கூட்டிச் சொல்கிறது பாருங்க.

வக்கீல் கண்டிப்பான ஆள். "ஒரு பேரை விட்டாலும் ஜட்ஜுக்குச் சந்தேகம் வரும். ஒத்த ரூபாயா இருந்தாலும் எழுதோணும். ஒருத்தருக்கு மட்டும் தனியாக் குடுக்கவும் கூடாது" என்றார். நான் எப்போதும் சுத்தக்காரன். முழுநீளத் தாளில் கோடு போட்டு எழுதினேன். முதல் பேர் பேங்க். இரண்டாவது நூல் வியாபாரி. மூன்றாவது ஷெட்டுக்காரர். இப்படிப் போய், பதினோராவது பேர் நாச்சிமுத்து, டீக்கடை. ஒரு நாளைக்கு இருபத்தெட்டு டீ, டீ எட்டு ரூபாய், பத்து நாள். மேலே எழுபது ரூபாய்க்குப் பன். ஆக மொத்தம் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து.

வசந்தாமணி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, அந்தக் கடைசிப் பேரை அழிச்சுருங்க. என்ற கொலுசை வெச்சாவது அவருக்கு நான் குடுத்தர்றேன்" என்றாள்.

"அழிக்கறதா? பேங்க் மேனேஜர் பேரும் நாச்சிமுத்தண்ணன் பேரும் ஒரே தாளில வருது. இந்த மரியாதை வேற எந்த டீக்கடைக்காரருக்குடி கிடைக்கும்?" என்றேன்.

அவள் தாளை என்னிடமே கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு ரசத்தில் உப்பே இல்லை.

நோட்டீஸ் ரிஜிஸ்தர் தபாலில் போனது. போன நேரம் பாருங்க, காலை பத்தரை. கடையில் கூட்டம். அண்ணனுக்குக் கையெழுத்துப் போட வரும், கோர்ட்டுத் தமிழ் வராது. யாரோ வாங்கிச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். 'எதிர்மனுதாரர் நாச்சிமுத்து' என்று இருந்திருக்கிறது. "நான் யாரை எதிர்த்தேன்?" என்று கேட்டாராம். அவர் வீட்டம்மா ஓடிவந்து "என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?" என்று அழுதாராம். இதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. நான் அந்த வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது.

என்ன வேலையா? ஷெட்டுதான் பூட்டிவிட்டதே என்கிறீங்களா? ஏதோ வேலை இருந்ததுங்க.

வாய்தா அன்றைக்கு மற்ற பத்துப் பேரும் வக்கீலை அனுப்பினார்கள், இல்லாவிட்டால் வரவே இல்லை. இவர் ஒருத்தர்தான் கடையைச் சாத்திவிட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நேரில் வந்து நின்றார். மூன்று வாய்தா. மூன்றுக்கும் வந்தார். "அண்ணா, நீங்க வரோணும்னு கட்டாயமில்லீங்க" என்று நானே சொன்னேன். "கோர்ட்டு கூப்பிட்டா வராம இருக்கறதா?" என்றார். டவாலி வாசலில் நின்று "நாச்சிமுத்து! நாச்சிமுத்து! நாச்சிமுத்து!" என்று மூன்று தடவை கூப்பிட்டார். அண்ணன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார்.

"உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது உண்டா?" என்று கேட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

அது ஆட்சேபணையில் சேராது என்று என் வக்கீல் எழுந்து சொன்னார். சரிதான் என்று அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

வெளியே வந்ததும் நான் ஒன்றும் சும்மா விடவில்லை. கேன்டீனில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே கீழே வைத்துவிட்டார். தொழில்காரர் இல்லையா? அடுத்தவன் போட்ட டீ பிடிக்காது.

அப்புறம் பத்து மிஷினும் ஏலம் போனது. ரூபாய்க்குப் பதினெட்டு காசு வீதம் எல்லோருக்கும் பங்கு கொடுத்தார்கள். அவர் பங்கு நானூற்றுப் பதினைந்து ரூபாய் சொச்சம். அவர் வாங்கவே போகவில்லை. சொல்லுங்க, அது என் தப்பா?

அந்த வழக்கு முடிந்த மறுநாளிலிருந்துதான் இது ஆரம்பித்தது. என்னது என்றால், முன்காசு.

அவர் கடையில் எல்லோரும் குடித்துவிட்டுப் போகிறபோதுதான் காசு கொடுப்பார்கள். சில பேர் சாயங்காலம் கொடுப்பார்கள். போன மாதம் குடித்ததை இந்த மாதம் கொடுக்கிறவர்களும் உண்டு. எனக்கு மட்டும், நான் பெஞ்சுக்கு வருவதற்குள் ஒரு எவர்சில்வர் தட்டை முன்னால் நகர்த்துவார். "வாங்க சார்" என்பார். சார்! அதுவரைக்கும் நான் எந்தக் காலத்தில் அவருக்குச் சார்? தட்டில் காசு விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் பாய்லர் பக்கம் திரும்புவார். ஒன்பது வருஷம். எட்டு ரூபாய் டீ பதினைந்து ரூபாய் ஆகிவிட்டது. இந்த ஊரிலேயே டீக்கு அட்வான்ஸ் கட்டிக் குடிக்கிற ஒரே மனிதன் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறான் அம்மணி.

வேறு கடைக்குப் போகலாமே என்கிறீங்களா? வசந்தாமணியும் அதையேதான் கேட்டாள். அந்த டீ மாதிரி வராதுங்க. ஒன்று சொல்லணும், நியாயத்துக்குச் சொல்லணும்: ஒரு நாளும் எனக்கு ஆறின டீ கொடுத்ததில்லை, தண்ணீர் விட்டுக் கொடுத்ததில்லை. கோபமெல்லாம் காசு வாங்குவதில்தான். டீயில் காட்டவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேங்குக்குப் போனேன். கடன் தீர்ந்தது என்று கோர்ட்டு கடைசி உத்தரவும் கொடுத்து, பேர் சுத்தமாகி வந்த நேரம். ஆனால் கம்ப்யூட்டரில் சிபில் மதிப்பெண் அடிமட்டத்தில் கிடந்தது. அங்கே ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள். "இருபதாயிரம் டெபாசிட் போடுங்க சார். அதை அடமானமா வெச்சுக்கிட்டு பதினாறாயிரத்துக்கு கார்டு தர்றோம். ஒழுங்காப் பயன்படுத்திக் கட்டிட்டு வந்தா மதிப்பெண் ஏறும்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். வசந்தாமணி தோசைத் திருப்பியோடு நின்று யோசித்தாள்.

"நம்ம காசை அவங்ககிட்டக் குடுத்து, அதுலயே கொஞ்சத்தை நமக்குக் கடனாக் குடுத்து, நாம அதைத் திருப்பிக் கட்டறமா?"

"ஆமா."

"அதுக்குப் பேசாம அந்த இருபதாயிரத்தை என்கிட்டக் குடுங்க. நான் உங்களுக்கு மாசாமாசம் கடன் குடுக்கறேன். மதிப்பெண்ணும் நானே போடறேன்."

கேலிதான். ஆனாலும் டெபாசிட் பணம் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். சொல்லணும்.

முதல் தடவை கார்டைத் தேய்த்தது நூல்கடையில். நூல், ஊசி, மிஷின் ஆயில், முந்நூற்று நாற்பது ரூபாய். வெளியே வந்து கடைப் படியிலேயே நின்று போனில் கட்டிவிட்டேன். கடைக்காரர் பில் புத்தகத்தை இன்னும் மூடவில்லை. எனக்குத்தான் அதற்குள் ஏழு வருஷ முன்காசுப் பழக்கம் ஆகிவிட்டதே, கடனை ஒரு நிமிஷம் வைத்திருக்க முடியாது. இப்படியே ஆறு மாதம். தேய்க்கிறது, படியில் நின்று கட்டுகிறது. மதிப்பெண்ணைப் பார்த்தால் ஒரு புள்ளி அசையவில்லை.

கோபம் வந்துவிட்டது. பேங்குக்கே போன் போட்டேன். வேறொரு பெண் எடுத்தாள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சார், பில் வர்றதுக்கு முன்னாடியே கட்டிடறீங்க. கணக்குல நீங்க கார்டைத் தொடவே இல்லைன்னு காட்டுது. பில் வரட்டும். வந்தப்புறம் கடைசித் தேதிக்குள்ள கட்டுங்க" என்றாள்.

"அதுவரைக்கும் நான் கடன்காரனா இருக்கணுமா?"

"ஆமா சார். உடனுக்குடனே காசைக் கையில வெச்சா, நாங்க உங்களை எப்ப சார் நம்பறது?"

நன்றாகப் பேசினாள். ஆனால் அனுபவித்தவனுக்குத்தானே தெரியும். அந்த மாதமும் அதே முந்நூற்று நாற்பது ரூபாய்ச் சாமான்தான்; பில் வருகிறவரை பதினெட்டு நாள் கடனோடு இருந்தேன். சோறு இறங்கவில்லை. இடுப்பு வேட்டி தளர்ந்துவிட்டது. வசந்தாமணி பக்கத்து வீட்டில் சொல்கிறாள், என் காதில் விழுகிற மாதிரி: "முந்நூத்து நாப்பது ரூபாய்க்கு இப்பிடி எளைக்கற மனுசன், பதினாலு லட்சத்துக்கு மட்டும் எப்படி அக்கா குண்டாவே இருந்தாரு?"

ஆனால் ஏறியது அம்மணி. ஒரு வருஷத்தில் ஏறிவிட்டது. எழுநூற்று நாற்பத்திரண்டு! போன மாதம் அந்த எண் வந்த அன்றைக்கு நேராக டீக்கடைக்குப் போனேன். போனைத் திருப்பி அண்ணனிடம் காட்டினேன். "அண்ணா, பாருங்க. எழுநூத்து நாப்பத்திரண்டு. கம்ப்யூட்டரே நம்மளை நம்புது" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"சந்தோசமுங்க சார்" என்றார். தட்டை நகர்த்தினார்.

இப்போது புரிகிறதா? அவரிடம் போய் "இவர் உங்களுக்கு ஏதாவது பாக்கியா?" என்று உங்கள் தாளில் இருக்கிற கேள்வியைக் கேட்டால், இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து என்பார். சொல்லாமல் இருக்க மாட்டார். அதை நீங்கள் எழுதிக்கொண்டால் என் கார்டு அதோடு சரி. ஆனால் சட்டப்படி அந்தக் கடன் கிடையாது. கோர்ட்டு உத்தரவு இருக்கிறது. லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேன், கையோடு எடுத்துக்கொண்டு போங்க. வேண்டாமா? ஒரு பாதுகாப்புக்குத்தான் சொன்னேன்.

அவ்வளவு சின்னத் தொகையை நானே கொடுத்திருக்கலாமே என்றா? எல்லோரும் கேட்கிறார்கள். வழக்கு முடிந்த அடுத்த வருஷம் வசந்தாமணி எனக்குத் தெரியாமல் கொண்டுபோய் நீட்டியிருக்கிறாள். "இது உன்ற கணக்கு இல்லையே கண்ணு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பணமும் வேண்டாம், கோபமும் போகாது என்றால் நான் என்ன செய்யட்டும்? நானும் ஒரு நாள் பேசிவிடலாம் என்றுதான் போனேன். தட்டை நகர்த்தினார். காசைப் போட்டேன். டீயைக் குடித்தேன். வந்துவிட்டேன்.

டீப் பாக்கி நின்ற அந்தப் பத்து நாளும்… மனு எழுதிக்கொண்டிருந்த அந்தப் பத்து நாளும் அவர் வழக்கம் போல் போசியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "என்னப்பா, வேலை எப்படி?" என்று கேட்டார். "ஓடுதுண்ணா" என்றேன். பத்து நாளும் அதைத்தான் சொன்னேன். கம்பெனி பூட்டியது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? தாளில் எழுதுவது சுலபமாக இருந்தது.

சரி, நேரமாகிறது. நான் கூட வரக் கூடாதா? ரூலா? சரி, போயிட்டு வாங்க. வெயிலில் ஓரமாகப் போங்க.

*

வாங்க, வாங்க. என்ன அம்மணி, இருபத்தைந்து நிமிஷம்! ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நேரமா? டீ குடிச்சீங்களா? காசு? குடித்த பிறகு வாங்கினாரா! பார்த்தீங்களா? முன்னே பின்னே தெரியாத ஆள் நீங்கள். உங்களுக்குப் பின்காசு!

ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தடவை தலையை ஆட்டினார். மேலும் கீழுமாகத்தான் ஆட்டினார் என்று நான் சொன்னேன். இல்லை, பக்கவாட்டில் என்கிறாள் இவள். இவளுக்குத் தூரத்தில் இருப்பது நன்றாகத் தெரியும், அதுதான் கவலை.

சொல்லக் கூடாதா? சரி. ரூல் என்றால் ரூல். நான் கேட்கவில்லை. வசந்தா, நீயும் கேட்காதே. …ஒரே ஒரு வார்த்தை. நல்லதா, கெட்டதா?

ரூலை விட்டுட்டு, அவர் சொன்னதைப் படிக்கிறீங்களா? படிங்க, படிங்க. வசந்தா, இங்கே வந்து நில்லு.

'எத்தனை வருஷமாகத் தெரியும்?' பதினெட்டு. சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

'கொடுக்கல் வாங்கலில் எப்படி?' …என்னது? இன்னொரு தடவை படிங்க அம்மணி. 'ஒன்பது வருசமா தினமும் ரெண்டு வேளை டீ குடிக்கிறார். குடிக்கறதுக்கு முன்னாலயே காசு வெச்சிருவார். ஒரு நாள் தவறினதில்லை. இந்த வீதியில அப்படி வேற ஆளே கிடையாது.' அப்படியேவா எழுதிக்கிட்டீங்க? அவராகத் தட்டை நீட்டிவிட்டு, அதை என்னுடைய நல்ல பழக்கமாக்கிவிட்டாரே! சிரிக்காதே வசந்தா. இல்லை, சிரி. நீங்களும் சிரிங்க அம்மணி, பரவாயில்லை.

அடுத்தது. பாக்கிக் கேள்வி. அதைப் படிங்க.

ஏன் நிறுத்திட்டீங்க? கேட்டீங்கதானே? கேட்டதும் கிளாஸ் கழுவினாரா. எத்தனை கிளாஸ்? இருந்ததை எல்லாம் கழுவினாரா! கழுவிக் கவிழ்த்துவிட்டு?

'அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. பேங்குக்கு அதுல என்னங்க வேலை? இல்லைன்னு போட்டுக்கங்க.'

…

அவரே சொன்னாரா, இல்லை என்று போட்டுக்கச் சொல்லி?

ஆமாங்க. சட்டப்படியும் இல்லைதான். அதைத்தானே நான் முதலிலேயே சொன்னேன். கோர்ட்டு உத்தரவே இருக்கிறது… இல்லை வசந்தா, எடுக்க வேண்டாம். உள்ளேயே இருக்கட்டும்.

அந்தப் பட்டியலில் மற்ற பத்துப் பேர் இருந்தார்கள் அம்மணி. பேங்க் மேனேஜர் மாற்றலாகிப் போய்விட்டார். நூல் வியாபாரி என்னைப் பார்த்தால் யாரோ என்று போகிறார், வாராக் கடன் என்று என்றைக்கோ எழுதித் தள்ளியிருப்பார். ஷெட்டுக்காரருக்கு என் பேரே ஞாபகம் இல்லை. போன தைப்பூசத்தில் நின்று பேசினேன், என்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு என் மகன் படிப்பைப் பற்றி விசாரித்தார். எனக்கு மகனே கிடையாது. இவர் ஒருத்தர் மட்டும் என்னத்துக்கு இன்னும்…

எங்கே கையெழுத்துப் போடணும்? இங்கேயா? இதோ. முழுப் பேரா? முழுப் பேர் போடுகிறேன். ஆச்சா? நீங்கள் மிச்சத்தை எழுதி முடிங்க. வசந்தா, அம்மணிக்கு மோர் கொடு. நான் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டு வருகிறேன்.

இந்தா வசந்தா, பர்ஸை வாங்கி வை. பழைய கார்டும் அதிலேதான் இருக்கு. சட்டைப் பையில் இருக்கிற சில்லறை, இதையும் எடுத்துக்கொள். போனும் இங்கேயே இருக்கட்டும், அதிலும் காசு அனுப்பலாம். ஏன் என்றா? கையில் காசு இருந்தால் கை முதலில் நீண்டுவிடுகிறது அம்மணி. அப்புறம் வாய் திறக்க மாட்டேன் என்கிறது. ஒன்பது வருஷமாகப் பார்த்துவிட்டேனே.

இல்லை, அந்த இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்தையும் இப்போது எடுக்காதே. அது பிறகு. முதலில் ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது.

என்ன சொல்வேனா? 'அண்ணா, கம்பெனி பூட்டிட்டாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியலண்ணா' என்று சொல்லணும். ஒன்பது வருஷம் தாமதம்தான், ஆனால் அன்றைக்குச் சொல்ல வேண்டியது அதுதானே. அப்புறம் 'காசு கொண்டுவரல, ஒரு டீ குடுங்க' என்று கேட்கணும்.

கொடுப்பாரா? அது எனக்கு எப்படித் தெரியும் அம்மணி. கேட்டுவிட்டு நிற்கிறேன். கொடுக்கிறபோது கொடுக்கட்டும்.